நூறு மீட்டருக்குள் ஒரு குளியலறை

வீடு கட்டும் யோசனையோடு என் அறைக்கு வருகிறவரிடம் எத்தனை பெட்ரூம், வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிறகுதான் கேட்பேன். முதலில் வார்டு, பிளாக், டி.எஸ். எனும் டவுன் சர்வே எண். இந்த மூன்றும் கைக்கு வந்தால் வேலூரில் பாதி வீடு அங்கேயே தீர்மானமாகிவிடும். கோட்டை எவ்வளவு தூரம், கால்வாய் எவ்வளவு தூரம், பழைய டி.டி. பிளானில் ஏதாவது ரோடு அந்த வீட்டின் நடுக்கூடத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பேன். அவர் ஆசைப்படும் மாடி கிடைக்குமா என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அதை அவரிடம் சொல்லத்தான் ஒரு டீ குடிக்கும் நேரம் எடுத்துக்கொள்வேன்.

நான் உரிமம் பெற்ற கட்டட சர்வேயர். ஊரில் 'பிளான் போடுற சார்' என்பார்கள். சிவில் டிப்ளமோ முடித்து 1990-களின் தொடக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது டிரேசிங் ஷீட்டில் ரோட்ரிங் பேனாவால் வரைந்து அமோனியா பிரிண்ட் எடுப்போம். பிரிண்ட் எடுத்த அன்று கண் எரிச்சலோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். இப்போது ஆட்டோகேட், ஆன்லைன் விண்ணப்பம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால் சுயசான்று போதும், அனுமதி உடனே வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்கள் நிலம் ஏதோ ஒரு கோட்டுக்கு உள்ளே மாட்டியிருக்கும், அல்லது பட்டா அவர்கள் பெயரில் இருக்காது.

டி.டி. பிளான் பற்றி ஒரு வார்த்தை. நகர ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதன்படி விரிவான திட்டங்கள் போட்டு, ஊருக்குள் எங்கெங்கே ரோடு வரும் என்று கோடு இழுத்தார்கள். பல ரோடுகள் வரவே இல்லை. ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் எடுக்காவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும் என்று அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. காகிதத்திலிருந்து கோடு மட்டும் தானாக அழியாது. அழிக்க அலைய வேண்டும். என் வருமானத்தில் ஒரு பங்கு அந்த அலைச்சல்தான்.

கோட்டை விஷயத்துக்கு வருகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது, 133 ஏக்கர். உள்ளே கோயில், சர்ச், மசூதி மூன்றும் உண்டு. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிய இடம். இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அளப்பது கோட்டைச் சுவரிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் டேப் பிடிக்க வேண்டும். அகழியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ஜனங்கள் குடியிருக்கும் சந்துகளுக்குள் அந்த 100 மீட்டர் போய் நிற்கிறது.

அண்ணா சாலையை ஒட்டிய அப்படி ஒரு சந்தில் ஒரு அம்மா வீடு. பூ கட்டி விற்கிறவர், மகன் மெக்கானிக். ஓட்டு வீடு, பின்னால் தனியாக நின்ற கக்கூஸ் மழையில் விழுந்துவிட்டது. வீட்டோடு ஒட்டி ஒரு குளியலறையும் கக்கூஸும் கட்டவேண்டும் என்றார். ஆறுக்கு நான்கு அடி போதும். பக்கத்துச் சுவரைத் தொடாமல் கட்டிக்கொள்கிறேன் என்றார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? தடைப் பகுதியில் புதுக் கட்டுமானம் கூடாது. பக்கவாட்டிலோ மேலாகவோ ஓரடி நீட்டினாலும் அது கட்டுமானம். பொதுக் கழிப்பிடமும் வடிகாலும் கட்டுவது அந்தக் கணக்கில் வராது என்று சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. ஆக, சந்து முனையில் ஊருக்கெல்லாம் ஒரு கழிப்பிடம் வரலாம். அந்த அம்மாவின் கொல்லையில் ஒன்று வரக்கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடமாக இருந்தால் பழுது பார்க்கலாம், உள்ளே மாற்றியமைக்கலாம். அதற்கும் என்.ஓ.சி. வேண்டும். இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட முடியாது.

முதல் வேலை, வீடு 1992-க்கு முன் இருந்தது என்று நிரூபிப்பது. பத்திரத்தில் 'காலி மனையும் அதிலடங்கிய கூரை வீடும்' என்று இருந்தது. கூரை எப்போது ஓடாயிற்று என்பதற்குக் காகிதம் இல்லை. பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை என்று டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். கடைசியில் கைகொடுத்தது அவர் மாமியார் பெயரில் இருந்த ஒரு வரி ரசீதுக் கட்டு. கயிறு போட்டுக் கட்டி, உள்ளே இரண்டு அந்துருண்டை வைத்திருந்தார். மஞ்சளாகிப் போயிருந்தாலும் தேதி முத்திரை தெளிவு.

பிறகு என் வேலை. வெளியே ஓரங்குலம் நீட்டாமல், இருந்த சமையலறையில் மூன்றே முக்கால் அடியை வெட்டிக் குளியலறைக்குக் கொடுத்தேன். அடுப்பு மேடையைக் கூடத்துப் பக்கம் திருப்பினேன். வெளிச்சுவர் அதே, கூரை உயரம் அதே. 'ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் உள்மாற்றம்' என்று தலைப்புப் போட்டு விண்ணப்பம் போனது. அனுமதி வரப் பல மாதம் ஆயிற்று. அதுவரை அவர்கள் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துக்குப் போய்வந்தார்கள்.

"கோட்டைய நான் இன்னா சார் பண்ணிடப் போறேன்? அதும்பாட்டுக்கு நிக்குது, நான் என்பாட்டுக்கு இருக்கேன்" என்றார் அந்த அம்மா. பதில் சொல்ல வேண்டியவர் நானில்லை என்றாலும் என்னிடம்தான் கேட்டார்.

இப்படியெல்லாம் சொன்னாலும் அந்த 100 மீட்டர் விதியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். அது இல்லாத இடம் எப்படி ஆகும் என்று பார்க்க சி.எம்.சி. ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் போதும். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நான் தொழிலுக்கு வந்த காலத்தில் குடும்பங்கள் இருந்த வீடுகள் நிறைய. இன்று அடுக்கடுக்காய் லாட்ஜ். பெயர்ப் பலகை வங்காளியிலும் இந்தியிலும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு அது தேவைதான். அவர்களுக்குச் சமையலறையோடு கூடிய அறை போட்டு நானே பல பிளான் வரைந்திருக்கிறேன். ஆனால் நாள் வாடகை வாங்கத் தெரிந்த வீட்டுக்காரர் மாத வாடகைக்கு ஏன் விடுவார்? அந்த லாட்ஜில் பெருக்கித் துடைக்கிற பெண் அங்கே குடியிருக்க முடியாது. அவர் கோட்டைக்குப் பின்னாலோ கால்வாய்க் கரையிலோ சைதாப்பேட்டை மலையடிவாரத்திலோ இருக்கிறார்.

இதைக் கவனிக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. வேலூரில் மலிவு வாடகையைக் காப்பாற்றிவந்ததில் தொல்லியல் துறைக்கு ஒரு பங்கு உண்டு. அவர்களுக்கே அது தெரியாது. லாட்ஜ் கட்ட முடியாது என்பதால் நிலம் விலையேறவில்லை. விலையேறாததால் வாடகை ஏறவில்லை. வாடகை ஏறாததால் வீட்டுக்காரர் ஓடு மாற்றுவதில்லை. ஏழைக்கு ஊர் நடுவில் வீடு கிடைக்கிறது, ஒழுகுகிற வீடாக. ஏழைக்கென்று யோசித்து ஒதுக்கிய இடம் இங்கே குறைவு. வேறெதற்கோ எடுத்த முடிவு ஒரு நிலத்தை மற்றவர்களுக்கு வேண்டாததாக்கும். அங்கே இவர்கள் வந்து சேர்வார்கள்.

யோசித்து ஒதுக்கியதும் ஒருகாலத்தில் நடந்தது. சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு ஃபேஸ் ஃபேஸாக வளர்ந்தபோது அகலமான ரோடு, பூங்காவுக்கு இடம், பள்ளிக்கு இடம் என்று விட்டார்கள். இன்றும் பையன்களை வேலைக்கு எடுத்தால் லேஅவுட் என்றால் என்ன என்று பார்க்க அங்கேதான் அனுப்புகிறேன். ஆனால் இன்று அங்கே ஒரு மனை வாங்க டாக்டராகவோ துபாய்க்காரராகவோ இருக்க வேண்டும்.

2021 நவம்பர் மழை, தனித்தனிக் கோப்பில் கிடந்த விஷயங்களையெல்லாம் ஒன்றாகக் கொண்டுவந்து போட்டது. கோட்டை அகழிக்கு நீர் வருவது சூரியகுளம் பக்கமிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக என்பது பழைய ஏற்பாடு. மிஞ்சினால் பாலாற்றுப் பக்கம் வெளியேற வழி இருந்தது. அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது. அகழி நிரம்பி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. சாமியில்லாமல் கிடந்து, 1981-இல் மறுபடி சாமி வந்த கோயில். பெயருக்கேற்ப ஜலத்தில் இருக்கிறார் என்று ஊரில் சிரிக்கவும் செய்தார்கள். அதே நாட்களில் நிக்கல்சன் கால்வாய் பொங்கிக் கன்சால்பேட்டையிலும் இந்திரா நகரிலும் வீடுகள் முழுகின. பேரணாம்பட்டில் நவம்பர் 19 காலை ஒரு வீடு இடிந்து விழுந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் போனார்கள். அன்று முழுக்க எனக்கு வந்த போன்களெல்லாம் ஒரே கேள்வி: "சார், எங்க சுவத்துல வெடிப்பு இருக்கு, வந்து பாக்கறீங்களா?"

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் வேலூர் 2016-இல் சேர்ந்தது. அகழியைத் தூர் வாரினார்கள், விளக்குப் போட்டார்கள். அகழி மத்திய அரசின் பொறுப்பு, ஊர் வடிகால் மாநகராட்சி, கால்வாயும் ஆறும் நீர்வளத் துறை, கரையில் குடியிருப்பவர்கள் வருவாய்த் துறையின் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. நாலு பேரும் நாலு வரைபடம் வைத்திருக்கிறார்கள், நாலுக்கும் அளவுகோல் வேறு. எஃப்.எம்.பி. எனும் புலப்படம் பழையது லிங்க் கணக்கில் இருக்கும், ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. டவுன் சர்வே மீட்டரில். ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்த்தால் கால்வாய் ஒரு வரைபடத்தில் வீட்டுக்கு மேற்கே ஓடும், இன்னொன்றில் வீட்டுக்குள்ளேயே ஓடும். மழைக்குப் பிறகு கரையோர வீடுகளை அளக்கப் போன சர்வேயர்களோடு நானும் சிலருக்காகப் போனேன். சர்வே கல் இருந்த இடத்தில் ஒரு துணி துவைக்கும் கல் கிடந்தது. இரண்டும் ஒன்றேதானா என்று அரைமணி நேரம் வாக்குவாதம்.

நீர்வழியில் வீடு இருக்கக்கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எடுத்து எங்கே வைப்பது? ஊருக்கு வெளியே அடுக்கு வீடு என்பது குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கிய நாளிலிருந்து வரும் பதில். 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பதில் பெரும்பாலும் அதேதான். இதற்கு ஆம்பூரில் ஒரு பெண் சொன்னதைவிட நன்றாக நான் எழுதிவிட முடியாது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். "கம்பெனி பஸ் எங்க தெரு முனைல நிக்குது சார். அங்க போனா மொதல்ல பஸ்ஸ புடிக்கவே ஆட்டோ வேணும். பாதிக் கூலி ஆட்டோவுக்குக் குடுத்துட்டு மாடில ஒக்காந்து காத்து வாங்கணுமா?"

அவர் வீடு ஏ-கஸ்பாவில். ஆம்பூரில் எனக்கு வேலை வரத்தொடங்கியதே அவரைப் போன்றவர்களால்தான். 2015-இல் பிரதமர் வீட்டுத் திட்டம் வந்ததும், சொந்த மனையில் கட்டிக்கொள்ள மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநிலம் அறுபதாயிரம், ஆக 2.10 லட்சம் என்றார்கள். கடைக்கால், லிண்டல், கூரை, முடிப்பு என்று தவணை. ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டுக்காரர் முன்னால் நிற்க, இடக்குறியோடு போட்டோ எடுக்க வேண்டும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் பட்டா. நத்தம் நிலம், தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, பங்காளிகள் ஆறு பேர், அதில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் பேச்சில் இல்லை. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர்க் கோப்புக்குத் திருப்பத்தூர் போக வேண்டும். பங்காளியோடு பேசாதவர்கள் திருப்பத்தூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பும்போது வேறு வேறு பஸ்ஸில் வந்தார்கள்.

பட்டா வந்தது. அடுத்து தண்ணீர். ஆம்பூரில் போர்த் தண்ணீரை மேஸ்திரி முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பார். "கல்லு கட்ட ஊத்தலாம் சார். கம்பி போடற எடத்துக்கு வேணாம்." இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-ம் ஏறக்குறைய அதையே சொல்கிறது: கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரை, கம்பியுள்ளதற்கு 500. அதற்கு மேல் போனால் கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்து உப்பி, தளத்தை அடியிலிருந்து உரிக்கும். செங்கல் சுவரிலோ உப்பு மேலேறி ஆள் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொலபொலவென்று கொட்டும். இது தோல் பதனிடும் ஊர். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வரும், டேனரியில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பல தலைமுறையாகக் கழுவிய உப்பு எங்கே போயிருக்கும்? சென்ட்ரிங் அடிக்கும் நாளுக்கு லாரித் தண்ணீர் வாங்கச் சொன்னேன். 2.10 லட்சத்தில் தண்ணீருக்கென்று ஒரு ரூபாய் கிடையாது. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

இந்த ஊர்களில் நிலத்தைப் பற்றிய பெரிய முடிவுகளை எந்த நகராட்சியும் எடுக்கவில்லை. தோல் தொழிற்சாலை போன்றவை ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக வரக்கூடாது என்று 1989-இல் அரசாணை வந்தது. அதற்குள் பாலாற்றங்கரை நெடுக டேனரிகள் நின்றுவிட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடம்: மாசு செய்தவன் ஈடு கட்ட வேண்டும், ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாதவை மூட வேண்டும். 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாலாறு இன்னும் தேறவில்லை என்று மறுபடி ஒரு குழு அமைக்கச் சொன்னது. வழக்கறிஞர்களுக்கு இவை இரண்டு தீர்ப்புகள். எனக்கு இவற்றுக்கு நடுவில் மூடிக்கிடந்த டேனரிகளின் நிலம். வயலும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை, ஊருக்குள்ளே சுற்றுச்சுவர் போட்ட பல ஏக்கர். புரோக்கர்கள் வந்தார்கள், பின்னாலேயே நானும் போனேன்.

அப்படி அளக்கப் போன ஒரு பழைய டேனரியைச் சொல்ல வேண்டும். குரோமியம் எழுபதுகளில்தான் இங்கே பெரிதாகப் பரவியது. அதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டைக் காலத்துக் கட்டடம் அது. இரண்டடிச் செங்கல் தூண்கள், சுண்ணாம்புக் காரை, மங்களூர் ஓடு, மேல்தளத்தில் தோல் உலர்த்த நான்கு பக்கமும் மரப்பட்டிகள். பட்டிகளைச் சாய்த்தால் காற்று வரும், வெயில் வராது. ஒரு கீல்கூடத் துருப்பிடித்து நிற்கவில்லை, எல்லாம் மரமுளை. கீழே வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள். அளந்துகொண்டே போனவன் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். இடத்துக்காரர் வயதான பாய், தாத்தா காலத்திலிருந்து அவர்களுடையது. டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார்.

"கோட்டைக்கு நூறு மீட்டர் குடுத்தாங்க தம்பி. எங்க பாட்டனார் டேனரிக்கு நூறு அடி குடுக்க ஒரு சட்டம் இல்லையா?"

தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. சட்டம் நிறைவேறியும் ஆணையம் ஆண்டுக்கணக்காக வரவில்லை. ராஜா கட்டியதற்கும் வெள்ளைக்காரன் கட்டியதற்கும் ஏதோ ஒரு பட்டியலில் இடம் கிடைக்கும். மாவட்டத்துக்கே சோறு போட்ட தொழிலின் கட்டடம் ஒன்றாவது நிற்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்கவில்லை. அந்த நாற்றத்தை யார் மரபு என்று சொல்வார்கள் என்கிறீர்களா? அந்த வாசனையில்தான் எனக்கும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது என்று தெரியும்.

மகன்கள் விற்றுவிட்டார்கள். ஓடும் தேக்கும் பழைய சாமான் வியாபாரியிடம் போயின. நிலம் லேஅவுட்டாக என்னிடமே வந்தது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட். 2019 விதிப்படி பத்து சதவீதம் பூங்காவுக்கு விட வேண்டும், ரோடு போக மீதியில் பத்து சதவீதம் நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாகப் பிரிக்க வேண்டும். வாங்கியவர் குழிகள் இருந்த மூலையைப் பென்சிலால் வட்டமிட்டார். "அந்த எடத்த எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான் சார். பார்க்க அங்க போடுங்க. இல்லன்னா ஏழைங்க மனைய அங்க தள்ளிடுங்க." விதிப்படி இரண்டுமே சரி. விண்ணப்பத்தில் அகலம், நீளம், வில்லங்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மண்ணில் குரோமியம் எவ்வளவு என்பதற்குக் கட்டம் கிடையாது.

குழிகளின் மேல் ரோட்டை ஓட்டினேன். முப்பதடி ரோடு அங்கே கிழக்கே வளைந்து திரும்புகிறது. மேலே தார், அடியில் நல்ல மண், ஓரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம். பூங்காவையும் சிறு மனைகளையும் பழைய பட்டைக் கிடங்கு இருந்த மேட்டுப் பக்கம் கொண்டுபோனேன். வளைவால் வாங்கியவருக்கு இரண்டு மனை குறைந்தது. வேறு ஆளை வைத்து வரைந்துகொள்கிறேன் என்று எழுந்து போனவர், அடுத்த வாரம் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். நேராக ஓட்டினால் குழியைத் தோண்டி மண் மாற்றும் செலவு என்ன என்று மேஸ்திரி யாரோ கணக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

அனுமதி வந்து மனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. ரோடு ஏன் அங்கே மட்டும் வளைகிறது என்று வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்களாம். வாஸ்து என்று புரோக்கர் சொல்லிவைத்திருக்கிறார்.